தலைமையாசிரியர் முதலாளியா? வடசென்னைப் பள்ளிகளில் பொறுப்பும் பணியுறவும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் நடந்தால் மூன்று வகைப் பள்ளிகளைக் கடந்துவிடலாம். ஒன்று மாநகராட்சிப் பள்ளி. இன்னொன்று, அறக்கட்டளையோ திருச்சபையோ நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிற நிதி உதவி பெறும் பள்ளி. மூன்றாவது, நெருக்கமான தெருவுக்குள் மாடி மேல் மாடியாக எழும்பிய சுயநிதி மெட்ரிக் பள்ளி. மூன்றிலும் படிப்பவர்கள் ஏறத்தாழ ஒரே தெருக்களின் பிள்ளைகள்தான். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்குவார், அல்லது கன்டெய்னர் லாரி ஓட்டுவார். அம்மா துணிக்கடையில் நிற்பார், அல்லது வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பார்.

பிள்ளைகள் ஒன்றாக இருந்தாலும், இந்த மூன்று பள்ளிகளிலும் தலைமையாசிரியர் நாற்காலியில் புதிதாக அமர்கிறவரின் நிலை ஒன்றல்ல. அவரை நியமித்தவர் வேறு, அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு, தனக்குக் கீழே உள்ளவர்கள் மீது அவருக்கு இருக்கும் அதிகாரம் வேறு. நேற்றுவரை வகுப்பறையில் பாடம் நடத்தியவர் இன்று காலை முதல் வருகைப் பதிவேட்டுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் கட்டடப் பாதுகாப்புக்கும் பணியாளர் தகராறுக்கும் பொறுப்பாகிறார். வேலைக்கு எடுப்பது, வேலையை விட்டு நீக்குவது, சம்பளத்தை முடிவு செய்வது என்ற மூன்றும்தான் முதலாளிக்கு அடையாளம். இவற்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. ஆனால் முதலாளி செய்ய வேண்டிய கடமைகளில் பாதிக்கு மேல் அவர் மேசைக்கு வந்து சேர்கின்றன. பள்ளி நிர்வாகத்தில் நாம் காணும் பல சிக்கல்களுக்கு வேர் இந்த இடைவெளிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று பள்ளி, மூன்று நிர்வாகம்

மாநகராட்சிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சி கல்வியில் நேரடியாக இறங்கிய வரலாறு நீண்டது. வடசென்னைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு தர மன்றம் ஒப்புதல் அளித்தது. நூறாண்டுக்குப் பிறகும் அந்தப் பள்ளிகளின் நிர்வாகம் மாநகராட்சியிடமே இருக்கிறது. 2011-இல் திருவொற்றியூர் போன்ற பகுதிகள் சென்னையோடு இணைந்தன. அப்படி விரிவடைந்த பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகளும் பின்னர் மாநகராட்சியின் நிர்வாகத்துக்கு வந்தன. இங்கே தலைமையாசிரியர் ஒரு பெரிய அமைப்பின் ஒரு படி. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ அவருக்கு அதிகாரமில்லை. விடுப்பைப் பரிந்துரைக்கலாம், தற்செயல் விடுப்பை அனுமதிக்கலாம், விளக்கம் கேட்கலாம், மேலே எழுதலாம். அவ்வளவுதான்.

நிதி உதவி பெறும் பள்ளியில் கதை வேறு. தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1973 ‘பள்ளிக்குழு’ என்ற அமைப்பை உருவாக்கியது. ஆசிரியரை நியமிப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அந்தக் குழுவின் வேலை. சொத்தும் நிதியும் கல்வி முகமையிடம், அதாவது பள்ளியை நடத்தும் அமைப்பிடம் இருக்கும். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும். ஆக, ஒரே ஆசிரியரை நியமிப்பவர் ஒருவர், சம்பளம் தருபவர் இன்னொருவர், தினமும் வேலை வாங்குபவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவர்தான் தலைமையாசிரியர். தாளாளர் ஒன்று சொல்ல, மாவட்டக் கல்வி அலுவலர் இன்னொன்று சொல்லும் நாட்களில், இருவருக்கும் நடுவில் அகப்படுபவரும் அவர்தான்.

அவர் அந்த நாற்காலிக்கு எப்படி வருகிறார் என்பதும் பணியுறவைத் தீர்மானிக்கிறது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1974-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதவி உயர்வுக்கு முதல் அளவுகோல் தகுதியும் திறமையுமாக இருந்தது. அவை ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே பணிமூப்பு பார்க்கப்பட்டது. பள்ளிக்குள் தகுதியானவர் இருக்கும்போது வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது வழக்குக்கு அழைப்பு விடுவதாகும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இதில் விலக்கு உண்டு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் இத்தகைய பழைய பள்ளிகள் பல இருப்பதால் இது முக்கியமான செய்தி. கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப் பள்ளி வழக்கில், உரிய கல்வித் தகுதி உள்ள எவரையும் சிறுபான்மைப் பள்ளி நிர்வாகம் தலைமையாசிரியராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி இது சரி. ஆனால் மூத்தவர் மூவரைத் தாண்டி வந்து உட்காரும் இளையவர், ஆசிரியர் அறையில் முதல் நாளே மூன்று மௌனங்களைச் சந்திக்க நேரும். அந்த மௌனத்தைக் கலைக்க எந்தத் தீர்ப்பும் உதவாது.

சுயநிதிப் பள்ளியில் உறவு நேரடியானது. முதல்வரை நியமிப்பவர் தாளாளர். வேண்டாம் என்று முடிவு செய்பவரும் பெரும்பாலும் அவரே. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் தெருப் பெண்கள். இங்கே முதல்வர் நிர்வாகத்தின் குரலாகவே பார்க்கப்படுகிறார். 1973-ஆம் ஆண்டுச் சட்டம், மெட்ரிக் பள்ளி நெறிமுறை எனத் தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி 2018-இல் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2023-இல் வந்தன. தனியார் பள்ளியில் பொறுப்பேற்பவர் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆவணம் இது.

ஒரு கூரை, பல எசமானர்கள்

ஆசிரியர்கள் மட்டும் என்றால்கூட ஓரளவு சமாளிக்கலாம். இன்று ஓர் அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளியில் காலை எட்டு மணிக்கு வந்து நின்று பார்த்தால், உள்ளே நுழைபவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எசமானர் இருப்பது தெரியும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்குச் சமையல் கூடத்திலிருந்து உணவு கொண்டுவருபவர்கள் ஒரு நிர்வாகத்தின் கீழ். மதிய உணவு சமைக்கும் அமைப்பாளரும் சமையலரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில், சத்துணவுத் திட்டத்தின் கீழ். ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த அவர்கள், பணி நிரந்தரம் கேட்டு இன்றுவரை போராடி வருகிறார்கள். துப்புரவுப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில். காவலாளி இருந்தால் அவர் இன்னோர் ஒப்பந்தத்தில். காலியிடத்தை நிரப்ப வந்த தற்காலிக ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியில்.

இந்தக் கடைசி வகை எத்தனை சிக்கலானது என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் அறிவிக்கப்பட்டது. உடனே வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தகுதி குறித்த நெறிமுறைகள் திருத்தப்பட்ட பிறகே நியமனம் நகர்ந்தது. இத்தனை நடக்கும்போதும் பள்ளி திறந்துதான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஆள் வேண்டும் என்று தினமும் பெற்றோரிடம் பதில் சொன்னவர் தலைமையாசிரியர்.

சமையலர் வராத நாளில் அவரை வரவழைக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு நேரடியாக இல்லை. ஆனால் பிள்ளைக்குச் சோறு போகாவிட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். கழிப்பறை கழுவும் அம்மாவுக்கு ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இழுத்தடித்தால் அதற்கும் அவர் பொறுப்பில்லை. ஆனால் அந்த அம்மா வேலைக்கு வராமல் போனால், மாதவிடாய் வயதுப் பெண்பிள்ளைகள் மதியத்துக்கு மேல் பள்ளியில் இருக்க மாட்டார்கள். ஆகவே, சட்டப்படி தன் பணியாளர் அல்லாத ஒருவரின் சம்பளத்துக்காகவும் மண்டல அலுவலகத்துக்கு எழுதுகிற தலைமையாசிரியர்தான் பள்ளியை நடத்த முடியும். எழுதுவதற்கு அதிகாரம் தேவையில்லை, அக்கறை போதும்.

பொறுப்பேற்கும் வாரம்

பதவி உயர்வில் வருபவருக்கு முதல் வாரம் மாலை, சால்வை, வாழ்த்து என்று போய்விடுகிறது. அந்த வாரத்திலேயே நடக்க வேண்டிய ஒரு வேலையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று வரும். விடைபெறுபவரும் வருபவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அலமாரியைத் திறக்காமலே கையெழுத்து விழுந்துவிடும்.

திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? காசேடு இருக்கும், அதன் கடைசி இருப்பும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகங்கள் இருக்கும். பயன்படுத்தாத தாள்களின் வரிசை எண் விடுபடாமல் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஒரு தாள் காணாமல் போனாலும் அது நாளை போலிச் சான்றிதழாகத் திரும்பி வரலாம். சேர்க்கை நீக்கப் பதிவேடு இருக்கும். பிறந்த தேதிகளில் அடித்தல் திருத்தல் இருந்தால், சான்றொப்பம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். விலையில்லா மிதிவண்டி, பாடநூல், ஆய்வகப் பொருள்களின் இருப்புப் பதிவேடுகளும் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆசிரியர்களின் பணிப்பதிவேடு, எல்லாரும் ‘எஸ்.ஆர்.’ என்று சொல்வது. ஆண்டு ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்புக் கணக்கு, துறைத் தேர்வுத் தேர்ச்சி, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, வாரிசு நியமனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் பதிவு வேண்டும். ஒரு பதிவு விடுபட்டால், இருபது ஆண்டு கழித்து அந்த ஆசிரியர் ஓய்வுபெறும்போது ஓய்வூதியக் கருத்துரு திரும்பி வரும். அப்போது அதற்குப் பொறுப்பான தலைமையாசிரியர் எங்கோ ஓய்வில் இருப்பார். அலைவது ஆசிரியராக இருக்கும். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒவ்வோர் ஆசிரியரையும் அழைத்து, அவரவர் பணிப்பதிவேட்டை அவரவர் கண்முன் திறந்து காட்டி, விடுபட்டதைக் குறித்துக்கொள்ளும் தலைமையாசிரியர், நூறு கூட்டம் போட்டும் கிடைக்காத நம்பிக்கையை அந்த ஒரு வேலையில் பெற்றுவிடுவார். நல்ல பணியுறவுக்கு இதைவிட உறுதியான தொடக்கம் வேறு இல்லை.

மெமோ கொடுப்பதற்கு முன்

புதிய தலைமையாசிரியர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் பெரும்பாலும் மெமோவாக இருக்கிறது. தாமதமாக வந்தால் மெமோ, பாடக் குறிப்பேடு எழுதாவிட்டால் மெமோ. மெமோ என்பது ஒரு நடைமுறையின் முதல் படி. கோபத்தைக் காட்டும் வழியாக அதைப் பயன்படுத்தினால் நடைமுறையே கெட்டுவிடும்.

அரசு ஊழியருக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் எல்லா ஆசிரியர் அறைகளிலும் தெரிந்த இரண்டு எண்கள் உண்டு. சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு ‘17ஏ’, பெருந்தண்டனைக்கானது ‘17பி’. இரண்டாவதில் குற்றச்சாட்டைத் தெளிவாக எழுத வேண்டும், ஆதாரம் தர வேண்டும், விளக்கம் பெற வேண்டும், விசாரணை அலுவலர் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும், விசாரணை அறிக்கையின் மீது மறுபடியும் கருத்துக் கேட்க வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய காப்பைத் தந்தது. உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் பணிநீக்கம் செய்ய முடியாது. தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. தகுந்த காரணம் இருந்தால் அதிகாரி மேலும் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த நடைமுறையில் தலைமையாசிரியரின் பங்கு பெரும்பாலும் முதல் தாளில் இருக்கிறது. ‘அடிக்கடி தாமதம்’ என்று எழுதுவதற்கும், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தார், அந்த நேரத்தில் எந்த வகுப்பு ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. முதல் வகை எழுத்து நீதிமன்றத்தில் நிற்காது; அதனால் தவறு செய்த ஆசிரியர் தப்புவார், நேர்மையான ஆசிரியர் பழிவாங்கலுக்கு ஆளாவார். இரண்டாவது வகை எழுத்து இருவருக்கும் நியாயம் செய்யும். அதற்கும் முன்னால், கதவைச் சாத்திவிட்டு ‘என்னம்மா, வீட்ல ஏதும் பிரச்சினையா?’ என்று கேட்கும் ஐந்து நிமிடம் உண்டு. எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ வரும் ஓர் ஆசிரியை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் அகப்படுவது அவர் சோம்பல் அல்ல. முதல் பாடவேளையை அவருக்குத் தராமல் கால அட்டவணையை மாற்றிப் போட்டால், ஒரு மெமோ மிச்சம். ஒரு வகுப்பும் மிச்சம்.

தொழிற்சங்கம் பிறந்த மண்ணில்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பிறந்தது. பின்னர் நடந்த போராட்டத்துக்காகச் சங்கத் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் தொடர்ந்த வழக்கு, 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்த நிகழ்வுகளில் ஒன்று. இந்த வட்டாரப் பெற்றோருக்குச் சங்கம், கோரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் வீட்டுப் பேச்சு.

அதே மண்ணில் பணிபுரியும் ஆசிரியரின் சட்ட நிலை வியப்பூட்டுவது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், பள்ளி தொழில் நிறுவனமாக இருந்தாலும் ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று தீர்ப்பாயிற்று. ஆக, பள்ளி வேன் ஓட்டுநரை நீக்கினால் அவருக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. அதே நாளில் நீக்கப்பட்ட ஆசிரியைக்கு அந்தக் கதவு இல்லை. அவருக்கான பாதுகாப்பு தனியார் பள்ளிச் சட்டத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான். பணிக்கொடையிலும் இதே அலைச்சல். ஆசிரியர் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஒரு சுயநிதிப் பள்ளி முதல்வருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மிகவும் தேவை. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்த ஆசிரியை விலகும்போது பணிக்கொடை அவருடைய உரிமை. அதைச் சலுகையாகச் சொல்லி நிர்வாகம் மறுத்தால், தாளாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் முதல்வர். அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சான்றிதழைப் பிணைப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ‘மேனேஜ்மெண்ட் சொன்னாங்க’ என்பது முதல்வருக்குப் பாதுகாப்பாகாது. நிர்வாகத்தின் தவறான ஆணைக்குத் தன் மாற்றுக் கருத்தை மரியாதையாக எழுத்தில் பதிவு செய்வதும் அவர் பணியின் பகுதி.

அரசுப் பக்கத்தில் சோதனை வேறு வடிவில் வரும். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியரும் ஆசிரியரும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் மறுபடியும், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் போராட்டம் நடந்தது. அத்தகைய நாட்களில் யார் வந்தார், யார் வரவில்லை என்று மேலே அனுப்ப வேண்டியவர் தலைமையாசிரியர். அவரே சங்க உறுப்பினராகவும் இருப்பார். இந்த இக்கட்டுக்கு ஒரே வழி உண்மையான வருகைப் பதிவு. யாரையும் காப்பாற்றவும் வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதினால், போராட்டம் முடிந்த மறுநாள் எல்லாரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்க முடியும்.

கைமாற்ற முடியாத கடமைகள்

சில பொறுப்புகளை மேலே எழுதிவிட்டுக் காத்திருக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். பத்தாண்டுக்குப் பிறகு தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் நிறுவனரும் தாளாளரும் மட்டும் இல்லை. தலைமையாசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையலர், கல்வித் துறை அலுவலர்கள், பொறியாளர் ஆகியோரும் இருந்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு நிதி உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது, தாளாளரோடும் ஒப்பந்தக்காரரோடும் தலைமையாசிரியையும் கைது செய்யப்பட்டார். அந்தச் சுவரைக் கட்டியது அவரில்லை. இடிக்க ஆணையிடும் அதிகாரமும் அவருக்கில்லை. ஆனால் ஆபத்தான இடத்துக்குப் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டித் தடுப்பது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத செயல். எழுதி அனுப்புவதும் தடுத்து நிறுத்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வடசென்னையில் ஆபத்து சுவருக்கு வெளியிலிருந்தும் வரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் மூச்சுத்திணறி மயங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பள்ளி மீண்டும் திறந்த நவம்பர் 4 அன்றும் சிலருக்கு அதே நிலை வந்தது. தகவல் சொல்லத் தாமதமானது ஏன் என்பதே அன்று பெற்றோர் கேட்ட கேள்வி. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை சூழ்ந்த இந்தப் பகுதியில், காற்று எந்தப் பக்கம் வீசினால் பிள்ளைகளை எந்தப் பக்கம் நகர்த்துவது, யார் எந்த வகுப்பை அழைத்துச் செல்வது, பெற்றோருக்கு யார் தகவல் தருவது என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் பெயர் போட்டு எழுதிய திட்டம் சுவரில் இருக்க வேண்டும். அதில் சமையலர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் பெயர்களும் வேண்டும். நெருக்கடியில் சம்பளம் யார் தருகிறார் என்று பார்ப்பதில்லை.

இன்னொரு கடமை போக்சோ சட்டம் சுமத்தியது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் எவரும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். தனக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைச் சொல்லாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ‘பள்ளியின் பெயர் கெடும், நாமே பேசி முடிக்கலாம்’ என்ற தாளாளரின் யோசனைக்கும், ‘சார் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்’ என்ற ஆசிரியர் அறையின் வேண்டுகோளுக்கும் இங்கே இடமில்லை. அதேபோல், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பெண் பணியாளரின் பாலியல் புகார்களை விசாரிக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு கட்டாயம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை ஒரு சுவரில் தொங்கினால் மட்டும் போதாது. துப்புரவு செய்யும் அம்மாவுக்கும் அந்தக் குழுவில் முறையிடலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நாற்காலியில் அமர்வதற்கு முன்பே

இத்தனை சட்டத்தையும் நடைமுறையையும் ஒருவர் எங்கே கற்கிறார்? தலைமையாசிரியர் பதவிக்கு முன் துறைத் தேர்வும் கணக்குத் தேர்வும் உண்டு. அவை விதிகளைச் சொல்லித்தரும். முரண்பட்ட இரண்டு ஆசிரியர்களை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லித்தராது. சிங்கப்பூரில், முதல்வராக வரவிருப்போருக்கென தேசியக் கல்வி நிறுவனம் பல மாத முழுநேரப் பயிற்சி நடத்துகிறது. இங்கிலாந்து, தலைமையாசிரியர் பதவிக்கு ஒரு தேசியத் தகுதியைச் சில ஆண்டுகள் கட்டாயமாக்கிப் பார்த்து, 2012-இல் கட்டாயத்தைத் தளர்த்தியது. இந்தியாவில் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012 முதல் இயங்குகிறது. ஆனால் நம் வழக்கம், பதவியில் அமர்ந்த பிறகு சில நாள் பயிற்சி என்பதாகவே இருக்கிறது.

இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு தேவை என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் பணியில் தொடரவே இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இதற்கிடையில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மூத்த ஆசிரியர் ஒருவரே ‘பொறுப்புத் தலைமையாசிரியராக’ வண்டியை இழுக்கிறார். தன் வகுப்பையும் நடத்தி, ‘எமிஸ்’ என்ற கல்வித் துறை இணையப் பதிவையும் பார்த்து, சம்பளப் பட்டியலையும் தயாரிக்கும் அவருக்குப் பதவியின் ஊதியமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கிறது. இக்கட்டுரை சுட்டும் இடைவெளி மிக அகலமாக இருப்பது இவர் விஷயத்தில்தான்.

செய்ய வேண்டியவை எட்ட முடியாதவை அல்ல. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்தவுடன், கலந்தாய்வுக்கு முன்பே, பணியுறவு, ஒழுங்கு நடவடிக்கை, பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் நேரடிப் பயிற்சி தர வேண்டும். முதல் ஓராண்டுக்கு, பக்கத்துப் பள்ளியின் அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒருவரைத் துணையாக அமர்த்த வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, நிதி உதவிப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்ற பிரிவு இந்தத் துணைக்குக் குறுக்கே வரக் கூடாது. ஒப்பந்த, தற்காலிகப் பணியாளரின் வருகைச் சான்றைத் தலைமையாசிரியர் தந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் போக வேண்டும். அந்தப் பணியாளரின் சம்பளம் தாமதமானால் தலைமையாசிரியரின் கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் வர வேண்டும். கட்டட ஆபத்தை எழுத்தில் தெரிவித்துத் தடுப்பும் செய்துவிட்ட தலைமையாசிரியர் மீது முதல் கைது விழக் கூடாது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டு சும்மா இருந்தவரிடம்தான் முதல் விசாரணை தொடங்க வேண்டும். பொறுப்புத் தலைமையாசிரியருக்குப் பணிபுரியும் காலத்துக்கான ஊதியமும், பாட வேளைக் குறைப்பும் தர வேண்டும்.

தலைமையாசிரியர் முதலாளியா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் ‘இல்லை’. நடைமுறை தரும் பதில் ‘பாதி’. அந்தப் பாதியை நியாயமாக நடத்துபவர்களால்தான் வண்ணாரப்பேட்டையின் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பணிப்பதிவேட்டைத் திறந்து காட்டுவது, தேதியோடு எழுதுவது, தன் கீழ் இல்லாதவர் சம்பளத்துக்கும் கடிதம் போடுவது, குழந்தையின் புகாரை மூடி மறைக்க மறுப்பது ஆகியவை எல்லாம் இப்போது தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி நிற்கின்றன. நல்ல குணம் உள்ளவர் இடம் மாறிப் போனால் பள்ளியும் மாறிவிடுகிறது. அதைப் பயிற்சியாகவும் விதியாகவும் உரிமையாகவும் ஆக்கி, நாற்காலிக்கே உரியதாக மாற்றுவதுதான் கல்வித் துறையும் மாநகராட்சியும் தனியார் நிர்வாகங்களும் இந்த வட்டாரப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடன்.